அழுத்தினால் வேறு சொல்

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் பெயர்ப்பலகையில் ‘தட்டச்சு’ என்பதற்குக் கீழே ‘சுருக்கெழுத்து’ என்று ஒரு வரியைப் பல ஊர்களில் இன்னும் பார்க்கலாம். தட்டச்சுக்கு வருகிறவர்கள் அதிகம். ஷார்ட்ஹேண்ட் பக்கம் தலைவைப்பவர்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் பேருக்கும் முதல் பாடத்திலேயே ஓர் அதிர்ச்சி உண்டு. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி மனப்பாடம் செய்த ஆங்கில ஸ்பெல்லிங் இங்கே செல்லாது. காதில் விழுவதை மட்டுமே எழுத வேண்டும்.

இப்படி ஒரு முறையை 1837இல் வெளியிட்டவர் ஐசக் பிட்மன் என்ற இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர். சுருக்கெழுத்து அவருக்கு முன்பே இருந்ததுதான். இளம் நிருபராக இருந்த சார்ல்ஸ் டிக்கன்ஸ்கூட கர்னி என்பவரின் முறையைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டவர். பிட்மன் செய்த புதுமை, எழுத்துக்கூட்டலைத் தூக்கி எறிந்துவிட்டு ஒலியைப் பிடித்துக்கொண்டது. 1840இல் இங்கிலாந்து முழுதும் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பலாம் என்று வந்ததும், முறை முழுவதையும் ஒரே தாளில் அச்சிட்டுத் தபாலிலேயே பாடம் நடத்தினார். மாணவர்கள் எழுதி அனுப்ப, அவர் திருத்தித் திருப்பி அனுப்பினார். இன்றைய அஞ்சல்வழிக் கல்விக்கு மூத்தவர்களில் ஒருவர்.

ஒலியைப் பிடித்ததால் என்ன லாபம்? ‘ஃபோன்’ என்ற சொல்லில் வரும் ‘ஃப்’ ஒலியை ஆங்கிலம் பி-ஹெச் என்று எழுதும். ‘ரஃப்’ என்பதில் அதே ஒலிக்கு ஜி-ஹெச். ‘நைஃப்’ என்பதில் முன்னால் ஒரு கே சும்மா நின்றுகொண்டிருக்கும். சுருக்கெழுத்தில் கே-யும் இல்லை, ஜி-யும் இல்லை. ‘ஃப்’ என்றால் ஒரு வளைவு. நேஷன், மிஷன், ஃபேஷன், மேஜிஷியன் என்று நான்கு விதமாக முடியும் சொற்களைப் பாருங்கள். பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்து நெட்டுருப் போட்ட அந்தக் கடைசி அசை, இங்கே ஒரு சின்னக் கொக்கி. வகுப்பில் அதற்கு ‘ஷன் ஹுக்’ என்றே பெயர்.

மெய்யொலிகள் மொத்தம் 24. பெரும்பாலானவை இணை இணையாக வருகின்றன. இந்த இடம்தான் தமிழருக்குச் சுவாரசியமானது. சம்பளத்தைச் சொல்லும் ‘பே’யையும் விரிகுடாவைச் சொல்லும் ‘பே’யையும் தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. பந்தில் வரும் ப-வும் கம்பத்தில் வரும் ப-வும் வேறு ஒலிகள். ஆனால் எங்கே எப்படி ஒலிக்கும் என்று இடமே சொல்லிவிடுவதால் நம் மொழிக்கு ஓர் எழுத்துப் போதும். ஆங்கிலத்தில் இடம் எதையும் சொல்லாது. பிட்மன் நடுவழி ஒன்றைக் கண்டார். இரண்டு ஒலிக்கும் ஒரே சாய்கோடு. மெலிதாகப் போட்டால் சம்பளம், அழுத்திப் போட்டால் விரிகுடா. ட-வகை இரண்டுக்கும் செங்குத்துக் கோடு, க-வகை இரண்டுக்கும் படுக்கைக் கோடு, எல்லாவற்றிலும் இதே மெலிவும் தடிப்பும். வாய்க்குள் நாக்கும் உதடும் ஒரே இடத்தில் இருக்க, தொண்டை மட்டும் அதிர்கிறது அல்லவா? அந்த அதிர்வுதான் தாளில் தடிப்பாகிறது. பால்பாயின்ட் பேனாவில் இந்த வித்தை நடக்காது. ஸ்டெனோக்கள் பென்சிலை விடாததற்குக் காரணம் இதுதான்.

உயிரொலிகளுக்குக் கோட்டின் பக்கத்தில் புள்ளியும் சிறு கீற்றும் உண்டு. ஆனால் டிக்டேஷன் வேகத்தில் அவற்றை வைத்துக்கொண்டிருக்க நேரம் ஏது? கோடு போட்ட நோட்டு கைகொடுக்கிறது. ‘டாப்’, ‘டேப்’, ‘டிப்’ மூன்றுக்கும் மெய்கள் ஒன்றே. ஆகவே வடிவமும் ஒன்றே. முதல் சொல் கோட்டுக்கு மேலே நிற்கும். இரண்டாவது கோட்டின் மேல் உட்காரும். மூன்றாவது கோட்டை வெட்டிக்கொண்டு போகும். உயிரை எழுதாமலே, அது எந்த வகை என்பதை இடம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதற்கு மேல் உள்ளவை வேகத்துக்கான உபாயங்கள். கோட்டைப் பாதியாகக் குறைத்தால் பின்னால் ஒரு ‘ட்’ சேரும். ‘ஸ்’ ஒரு குட்டி வட்டம். ‘கிராமலாக்’ எனப்படும் அடிக்கடி வரும் சொற்களுக்குத் தனிக் குறிகள் உண்டு. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் ‘தி’ ஒரு புள்ளியோடு முடிந்துபோகும். ‘டியர் சார்’ போன்ற தொடர்களைக் கையெடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதலாம். மத்திய அரசின் ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் ஸ்டெனோ தேர்வில் 10 நிமிட டிக்டேஷன், டி கிரேடுக்கு நிமிடத்துக்கு 80 சொல், சி கிரேடுக்கு 100 சொல். சாதாரண எழுத்தில் கை ஒடிந்தாலும் இது நடக்காது.

சுருக்கச் சுருக்கக் குழப்பமும் கூடவே வரும். ‘பிராசிக்யூட்’ என்றால் வழக்குத் தொடர்வது. ‘பெர்சிக்யூட்’ என்றால் கொடுமைப்படுத்துவது. உயிரை உதறிவிட்டால் இரண்டிலும் மிஞ்சும் மெய்கள் ஒன்றே. நீதிமன்றத்தில் இவை இடம் மாறினால் வினை. இத்தகைய ஜோடிகளுக்கு வேண்டுமென்றே வேறு வேறு வடிவம் கொடுத்து, பாடப் புத்தகம் தனிப் பட்டியலே போடுகிறது. பட்டியலில் இல்லாத இடங்களில் சந்தேகம் வரும் என்று கைக்கு முன்னதாகவே தெரிந்து, ஒரு புள்ளியை வைத்துவிட்டு ஓட வேண்டும். எதை விடலாம், எதை விட்டால் நாளை படிக்க முடியாது என்ற அந்தக் கணிப்பில்தான் கெட்டிக்கார ஸ்டெனோ தெரிகிறார் என்பது என் எண்ணம். வேகம் பயிற்சியால் வந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், உதறித் தள்ளிய ஸ்பெல்லிங் டிரான்ஸ்கிரிப்ஷன் நேரத்தில் வாசலில் வந்து நிற்கும். ‘ரைட்’ என்று காதில் விழுந்தது சரியா, வலப்பக்கமா, எழுதுவதா, சடங்கா? நோட்டில் எல்லாம் ஒன்றே. ‘பிரின்சிபல்’ என்றால் கல்லூரி முதல்வரா, கொள்கையா? கோடு சொல்லாது, வாக்கியத்தைப் புரிந்துகொண்டவர்தான் சொல்ல முடியும். டைப் அடிக்கும்போதே அதிகாரியின் இலக்கணத்தையும் ஓசைப்படாமல் திருத்திவிடும் ஸ்டெனோக்கள் எல்லா அலுவலகங்களிலும் இருந்திருக்கிறார்கள். பெயர் மட்டும் அதிகாரிக்கு.

ஆங்கில ஸ்பெல்லிங்கையே மாற்ற வேண்டும் என்று பிட்மன் ஆயுள் முழுக்கப் போராடினார். அவருடைய கோடுகளை ஆவலோடு வாங்கிக்கொண்ட ஊர், அந்தப் போராட்டத்தைக் கண்டுகொள்ளவில்லை. தம் நாடகங்களைப் பிட்மன் சுருக்கெழுத்தில் எழுதிச் செயலாளரிடம் தட்டச்சுக்குக் கொடுத்து வந்த பெர்னார்ட் ஷாவும், ஆங்கிலத்துக்குப் புது எழுத்து உருவாக்க உயிலில் பணம் ஒதுக்கிவிட்டு 1950இல் காலமானார். எழுத்து உருவானது, புழக்கத்துக்கு வரவில்லை. அமெரிக்காவிலோ, தடிப்பு மெலிவு வேண்டாம், கையெழுத்துப்போல் ஓடினால் போதும் என்று 1888இல் கிரெக் என்பவர் வெளியிட்ட முறை பிட்மனை ஓரங்கட்டியது. நம் பக்கம் பிட்மனே நிலைத்தார்.

செல்போனில் பேச்சைப் பதிவு செய்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம். ஒரு மணி நேரக் கூட்டத்தில் யாரோ சொன்ன ஒரு தொகையைத் தேட, அந்த ஒரு மணி நேரத்தையும் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிக் கேட்க வேண்டும். ஸ்டெனோ நான்கு பக்கம் புரட்டி, விரலை வைத்துக் காட்டிவிடுவார்.