புஜத்துக்குப் போடும் ஊசி நெஞ்சுக்கும் போகும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்கு பைக்கில் வரும் இளவட்டங்களில் சிலருக்கு பனியன் கிழிகிற மாதிரி புஜம் இருக்கும். சந்தோஷம்தான். ஆனால் அந்த உடம்பு மேட்டில் நாலு எட்டு வைத்ததும் மூச்சு வாங்கினால், "வெயிலுண்ணே" என்று மழுப்பிவிடக் கூடாது. ஜிம்மில் யாராவது 'குரோத்' ஊசி கொடுத்திருந்தால், விஷயம் வெயில் இல்லை.

அந்த ஊசியில் இருக்கும் வளர்ச்சி ஹார்மோன் நம் உடம்பில் மூளைக்கு அடியில் பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஊறுகிறது. அது கல்லீரலைத் தூண்டி ஐ.ஜி.எஃப்.-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. 'புரதம் கட்டு' என்று இரண்டும் தசை செல்களுக்குச் சொல்லும். கைத்தசை எது, இதயத்தசை எது என்று அவற்றுக்குப் பேதம் கிடையாது. வளர்ந்தவரின் இதய செல்கள் அநேகமாகப் பெருகுவதில்லை. அதனால் புதுப் புரதம் பழைய செல்லுக்குள்ளேயே அடைந்து, செல் தடிக்கிறது. இதயச் சுவர் உள்பக்கமாகத் தடித்தால் அறை சிறுத்துத்தானே போகும்? தடித்த சுவர் சரியாக விரியாது. நாளடைவில் துடிப்பின் தாளமும் தப்பலாம். பிட்யூட்டரி கட்டியால் இந்த ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் அக்ரோமெகலி நோயாளிகளிடம் மருத்துவர்கள் காண்பதும் இதைத்தான். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடவே வரலாம்.

ஹார்மோன் குறைவாகச் சுரக்கும் குழந்தைகளுக்கு இதே ஊசி வரம். பலவீனமான இதயத்துக்கும் இது உதவுமா என்று மருத்துவர்கள் பார்த்தார்கள். 1996இல் இத்தாலியில் 7 நோயாளிகளுக்குக் கொடுத்தபோது பலன் தெரிந்தது. 1998இல் ஜெர்மனியில் 50 பேரிடம் முறையாகச் சோதித்தபோது இதயத்தசை கூடியது, நோயாளியின் நிலை தேறவில்லை. சதை கூடுவது வேறு, பலம் கூடுவது வேறு.

ஜிம்களில் இதோடு ஸ்டீராய்டையும் சேர்க்கிறார்கள்; அதுவும் இதயச் சுவரைத் தடிக்க வைப்பதுதான். போதாக்குறைக்கு, 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய ஊசி மருந்து நம்மூர் வெயிலில் பார்சலில் வந்து சேர்கிறது!

மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த ஊசியை விற்கக் கூடாது. உரிமம் இல்லாமல் மருந்து விற்பவருக்கு 1940ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டப்படி 3 முதல் 5 ஆண்டு சிறை, குறைந்தது 1 லட்சம் ரூபாய் அபராதம். அதே சட்டத்தின் 26ஆவது பிரிவில் பலருக்குத் தெரியாத ஓர் உரிமை உண்டு: வாங்கிய மருந்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். ஆகவே பில்லையும் மீதி மருந்துள்ள குப்பியையும் தூக்கிப் போடாதீர்கள். புகாரை மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் கொடுக்கலாம். பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. அல்லது இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024. கபடி, தடகளம் என்று போட்டிக்குப் போகிறவர்கள் ஊக்கமருந்து சோதனையில் சிக்கினால் 4 ஆண்டு தடைகூட வரலாம்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். மருத்துவரிடம் ஊசி விஷயத்தை மறைக்காதீர்கள். மறைத்தால், தடித்த சுவரைப் பார்த்து அவர் பி.பி.தான் காரணம் என்று நினைத்து, அதற்கு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்.