ஆன்லைனில் கார் டயர்: திரையில் ஒரு விலை, சக்கரத்தில் ஒரு விலை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இண்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள், முதலில் ரயில் டிக்கெட் எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்து மின் கட்டணம், பிறகு புத்தகம், செருப்பு, மிக்ஸி என்று பழக்கம் வளரும். கொஞ்சம் தைரியம் வந்தபின், வீட்டு வாசலில் நிற்கும் காருக்கும் ஏதாவது வாங்கலாமே எனத் தோன்றும். சீட் கவர், கால் மிதியடி வரை பிரச்னை இல்லை. டயர் வாங்கும்போதுதான் கணக்கு சற்று மாறுகிறது. மிக்ஸியைப் பிரித்து பிளக்கில் சொருகினால் வேலை முடிந்தது. டயரை நாமே மாட்ட முடியாது. அதற்கு இன்னொரு கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே தனியாக ஒரு பில் உண்டு.

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு 2025 ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். அவருடையது பழைய மாருதி ஸ்விப்ட். நான்கு டயர்களும் மொட்டையாகிவிட்டன. கோடை விடுமுறையில் பேரக் குழந்தைகளுடன் கொடைக்கானல் போகும் திட்டம் வேறு இருந்தது. வழக்கமாகச் செல்லும் டயர் கடையில் ஒரு டயர் 4,600 ரூபாய் என்றார்கள். வீட்டிற்கு வந்து கம்ப்யூட்டரில் தேடினார். அதே நிறுவனம், அதே அளவு, 4,150 ரூபாய். டெலிவரி இலவசம். நான்கு டயருக்கு 1,800 ரூபாய் லாபம் என்று உடனே ஆர்டர் கொடுத்துவிட்டார்.

ஐந்தாவது நாள் நான்கு டயர்களும் வீட்டிற்கு வந்தன. ஸ்விப்ட் டிக்கியில் நான்கு டயர் ஏறாது. எனவே ஆட்டோவுக்கு 250 ரூபாய் ஆனது. டயர் கடைக்காரர் பார்த்தவுடன், "சார், நம்ம கடையில வாங்கின டயர் இல்லையே, மாட்டுற கூலி தனி" என்று சொல்லிவிட்டார். கழற்றி மாட்ட ஒரு சக்கரத்திற்கு 150 வீதம் 600. புதிய வால்வு நான்கிற்கு 200. வீல் பேலன்சிங்கும் அதற்கு ஒட்டும் எடைத் துண்டுகளும் சேர்த்து 600. ஆக 1,650 ரூபாய் போயிற்று. அங்கேயே டயர் வாங்கியிருந்தால் இவை எல்லாம் 4,600 ரூபாய்க்குள் அடக்கம். அத்துடன் பழைய டயர்களை எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கு 200 ரூபாய் வீதம் 800 ரூபாய் கழித்தும் கொடுத்திருப்பார்கள். வெளியில் வாங்கி வந்தவருக்கு அந்தக் கழிவு இல்லை. 1,800 ரூபாய் மிச்சம் என்று தொடங்கியது, 650 ரூபாய் கூடுதல் செலவில் முடிந்தது.

பணத்தை விடுங்கள். மாட்டி முடித்தபின் கடைப் பையன் ஒன்றைக் காட்டினான். நான்கு டயர்களில் இரண்டு, 2022ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்டவை. திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால், ரிம்மில் ஏறிய டயரைத் திரும்பப் பெறுவதில்லை என விற்பனை நிபந்தனைகளில் எழுதி இருந்தது. மலைப் பாதையில் பேரக் குழந்தைகளை உட்கார வைத்து ஓட்ட வேண்டிய டயர்கள் இவை. அவருக்கு வந்த கோபம் அந்த 650 ரூபாய்க்காக அல்ல.

முதலில் அளவு

டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர்14 85டி என்பதுபோல் எழுதி இருக்கும். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம் என்று பொருள். ஆர் என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இவற்றைப் பலரும் பார்த்துவிடுகிறார்கள். கடைசியில் இருப்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 85 என்பது எடை தாங்கும் எண். அதற்கு ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும் என்று பொருள். டி என்பது மணிக்கு 190 கி.மீ. வரையிலான வேகத்திற்கு ஏற்றது என்பதைக் குறிக்கும். அதுவே எஸ் என்றால் 180, எச் என்றால் 210.

"நான் 190 கி.மீ. வேகத்தில் போகப் போவதில்லையே" என எண்ண வேண்டாம். கார் நிறுவனம் குறிப்பிட்ட எடை எண்ணுக்கும் வேக எழுத்துக்கும் கீழே இறங்கக் கூடாது. சில சமயங்களில், மலிவாகக் காட்டப்படும் டயர் இந்த ஒரு படி குறைந்ததாக இருக்கும். சரியான அளவினை, டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டப்பட்டுள்ள ஸ்டிக்கரிலோ, காருடன் வந்த புத்தகத்திலோ பாருங்கள். இப்போது காரில் உள்ள டயரை மட்டும் பார்த்து ஆர்டர் செய்திட வேண்டாம். பழைய காரை வாங்கியவர் என்றால், முன்பு வைத்திருந்தவர் வேறு அளவை மாட்டியிருக்கலாம்.

இந்த அளவை முழுமையாக சர்ச் கட்டத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். காரின் பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால், ஒரே காரின் வெவ்வேறு மாடல்களுக்கான டயர்கள் கலந்து வரும். ஸ்விப்ட் என்றே எடுத்துக்கொண்டாலும், 14 அங்குல ரிம் கொண்டதும் உண்டு, 15 அங்குல ரிம் கொண்டதும் உண்டு.

டயருக்கான பக்கம் கிடைத்தவுடன் படத்தில் மயங்க வேண்டாம். பளபளக்கும் அலாய் வீலுடன் படம் இருக்கும். வருவது டயர் மட்டுமே. காட்டப்படும் விலை ஒரு டயருக்கா, இரண்டிற்கா என்று பாருங்கள். டியூப்லெஸ் என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா எனவும் பாருங்கள். பின்னர் விற்பவர் யார் என்ற வரியைத் தேடுங்கள். தளத்தின் பெயர் பெரியதாக இருக்கலாம். ஆனால் டயரை அனுப்புபவர் அந்தத் தளத்தில் இடம் பிடித்துள்ள ஏதோ ஓர் ஊரின் வியாபாரியாக இருப்பார். இந்தியாவில் 2020ல் வந்த மின் வணிக விதிகளின்படி, விற்பவரின் விவரங்களையும் பொருளைத் திரும்பப் பெறும் நிபந்தனைகளையும் தளம் காட்டியாக வேண்டும். அந்த நிபந்தனைகள் உள்ள பக்கத்தைத் திறந்து, கண்ட்ரோல் + பி அழுத்தி, பிரிண்டர் பட்டியலில் மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பி.டி.எப். என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு பைலாகச் சேமித்து வையுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது உண்டு. நாளை ஒரு தகராறு வந்தால் இதுதான் உங்கள் சாட்சி.

அடித்துவிட்டுக் காட்டப்படும் பழைய விலை குறித்தும் ஒரு வார்த்தை. கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 100 ரூபாய் என்றால், முன்பு 128 ரூபாய்க்கு விற்றது இப்போது 118 ரூபாய். அதாவது யாருடைய தயவும் இல்லாமலேயே விலை ஏறத்தாழ 8 சதவீதம் இறங்க வேண்டும். ஒரு தளம் 2025 தொடக்கத்தின் விலையை அடித்துவிட்டு 8 சதவீதத் தள்ளுபடி என்று காட்டினால், அது தள்ளுபடியே அல்ல.

பாதி விலைக்கும் கீழே, அதுவும் முன்பணம் மட்டுமே என்று கேட்கும் அறிமுகமில்லாத தளங்களை அப்படியே மூடிவிடுங்கள். முகவரிக் கட்டத்தில் பூட்டு அடையாளம் தெரிகிறதே என்று நம்ப வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டருக்கும் அந்தத் தளத்திற்கும் இடையே செல்லும் தகவல் மறைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு மட்டுமே அந்தப் பூட்டு உத்தரவாதம். அந்தப் பக்கம் இருப்பவர் நாணயமானவரா என்பது பூட்டுக்குத் தெரியாது. பணத்தை இழந்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணை அழையுங்கள். பொருளில் குறை, பணம் திரும்ப வரவில்லை போன்ற நுகர்வோர் புகார்களுக்கு எண் 1915.

எக்ஸெல் போடும் கணக்கு

ஆசிரியரின் கணக்கை எக்ஸெல்லில் போட்டுப் பார்ப்போம். எக்ஸெல் இல்லாதவர்கள், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பினைப் பயன்படுத்தலாம். முதல் நெட்டு வரிசையில் செலவின் பெயர், இரண்டாவதில் கடை, மூன்றாவதில் ஆன்லைன். கீழே வரிசையாக டயர் நான்கு, டெலிவரி, ஆட்டோ, மாட்டும் கூலி, வால்வு, பேலன்சிங், அலைன்மெண்ட், பழைய டயர் என டைப் செய்திடுங்கள்.

கடை வரிசையில் டயருக்கு 18400, அலைன்மெண்டிற்கு 500, பழைய டயருக்கு மைனஸ் குறியுடன் 800. மற்றவற்றில் பூஜ்யம் போடுங்கள். காலியாக விட வேண்டாம். காலிக் கட்டம் வந்தால் ஆட்டோசம் அங்கேயே நின்றுவிடக் கூடும். ஆன்லைன் வரிசையில் 16600, 0, 250, 600, 200, 600, 500, 0 எனக் கொடுங்கள். அலைன்மெண்ட் எங்கே டயர் வாங்கினாலும் செய்ய வேண்டிய வேலை என்பதால், இரண்டிலும் வருகிறது. இனி எண்களுக்குக் கீழே உள்ள கட்டத்தில் கிளிக் செய்து, மேலே உள்ள ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டுங்கள். கடைக்கு 18,100, ஆன்லைனுக்கு 18,750 என விடை கிடைக்கும்.

இப்போது ஆன்லைன் டயர் விலையை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள். மொத்தம் தானாகவே மாறும். இந்தச் செலவுகளைப் பொறுத்தவரை, ஒரு டயருக்கு 613 ரூபாயாவது குறைந்தால்தான் ஆன்லைன் லாபம் என்பது தெரியவரும். உங்கள் ஊர்க் கூலி வேறாக இருக்கும். எனவே ஆர்டர் செய்யும் முன் கடைக்கு ஒரு போன் செய்து, "டயர் நான் கொண்டு வருகிறேன், மாட்டிக் கொடுக்க எவ்வளவு?" என்று கேட்டு எண்களை நிரப்புங்கள். எடைத் துண்டுகளுக்குக் கிராம் கணக்கில் காசு வாங்கும் கடைகள் உண்டு, அதையும் கேளுங்கள். உங்கள் கார் புதிய மாடல் என்றால், காற்றழுத்தம் காட்டும் சென்சார் வால்வுடன் சேர்ந்தே இருக்கலாம். கழற்றும்போது உடைந்தால் யார் பொறுப்பு என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். டயரும் அவருடையது என்றால் கடைக்காரர் தட்டிக்கழிக்க மாட்டார். இருவேறு இடம் என்றால், ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். வாரண்டியிலும் இதே கதைதான். தயாரிப்பில் குறை என்றால் டயர் நிறுவனம், மிச்சமுள்ள ட்ரெட் ஆழத்தைப் பார்த்து ஈடு தரும். ஆனால் அதற்கு முறையான டீலரின் பில் வேண்டும்.

இதனால் ஆன்லைனே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில தளங்களில் டயருடன் மாட்டும் கட்டணத்தையும் சேர்த்தே கட்டி, உங்கள் ஊரில் உள்ள கடையைத் தேர்ந்தெடுக்கலாம். டயர் நேராக அந்தக் கடைக்கே போய்விடும். ஆட்டோவும் இல்லை, இரண்டாவது பில்லும் இல்லை. பண்டிகைக் காலத் தள்ளுபடியில் விலை நன்றாக இறங்கும்போதும், உங்கள் அளவு உள்ளூரில் கிடைக்காதபோதும் ஆன்லைன் கை கொடுக்கும்.

எப்படி வாங்கினாலும், டயர் கைக்கு வந்தவுடன், மாட்டுவதற்கு முன், பக்கச் சுவரில் நீள்வட்டத்திற்குள் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1225 என்றால் 2025ஆம் ஆண்டின் 12ஆவது வாரம். ஆசிரியரின் டயர்களில் 3822 என்று இருந்தது. இந்த எண் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். எனவே டயரைப் புரட்டிப் பாருங்கள். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதிர்ந்து இறுகும். ஓராண்டுக்கு மேற்பட்ட டயரைப் புதிய டயர் விலைக்கு நான் வாங்க மாட்டேன். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். கார் டயருக்கான தர எண் 15633. திருப்தி இல்லை என்றால், அந்த எண்ணைப் போட்டோ எடுத்து, அன்றைக்கே ரிட்டர்ன் கொடுத்துவிடுங்கள்.

நம் ஆசிரியர் அந்த இரண்டு பழைய டயர்களை கொடைக்கானலுக்குக் கொண்டு போகவில்லை. புதிதாக இரண்டு வாங்கிப் பின்பக்கம் மாட்டினார். இந்த முறை அதே கடையில். ஆன்லைன் விலையைப் பிரிண்ட் எடுத்துச் சென்று மேஜையில் வைத்து, "எல்லாம் சேர்த்து என்ன விலைக்குத் தருவீர்கள்?" என்று கேட்டாராம். ஒரு டயருக்கு 250 ரூபாய் குறைத்தார்கள். தேதியைப் பார்த்தபின்தான் ரிம்மில் ஏற்றவிட்டார்.