டிக்கிக்குள் ஒரு ஓம் கணக்கு

அக்கா மகன் தன் பழைய காரின் டிக்கியில் 12 அங்குல சப்வூஃபர் இரண்டைப் பெட்டியோடு இறக்கியிருந்தான். பக்கத்தில் நான்கு சேனல் ஆம்ப். அதில் இரண்டு சேனல் முன்கதவு ஸ்பீக்கர்களுக்கு. மீதி இரண்டையும் பிரிட்ஜ் போட்டு, அதிலேயே இரண்டு சப்பையும் மாட்டியிருந்தான். முதல் பாட்டுக்குப் பின்கண்ணாடி அதிர்ந்தது. மூன்றாவது பாட்டு பாதியில் நின்றது. ஆம்பில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. மேலே கை வைக்க முடியாத சூடு.

“டூப்ளிகேட் ஆம்பைத் தலையில கட்டிட்டாங்க மாமா” என்றான். ஆம்ப் நல்ல ஆம்ப்தான். எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் அது நின்றிருந்தது.

காருக்குள் தனி ஆம்ப் எதற்கு? இன்ஜின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ அதை மட்டும் வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் 26 வாட்டுக்கு மேல் தர முடியாது. நடைமுறையில் இன்னும் குறைவு. அட்டைப்பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் கணக்கு இதுதான். குரலுக்கும் வயலினுக்கும் இது தாராளம். பாஸுக்குப் பற்றாது. 40 ஹெர்ட்ஸ் ஓசையின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். இரண்டு சின்னக் கார்களை வரிசையாக நிறுத்திய தூரம். நம் காதும் இந்தத் தாழ்ந்த ஓசைகளுக்கு மந்தமானது. ஆகவே சப்பின் கூம்பு முன்னும் பின்னுமாக நிறையக் காற்றைத் தள்ளியாக வேண்டும். பேட்டரி மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டி, ஒரு சிறு மின்மாற்றி வழியாக வோல்ட்டை உயர்த்தி, அந்தத் தெம்பைத் தருவதுதான் ஆம்பின் வேலை.

பிரிட்ஜ் போடுவதை, பெரிய மரத்தை அறுக்கும் இரட்டைப்பிடி ரம்பத்தோடு ஒப்பிடலாம். இந்தப் பக்கத்து ஆள் இழுக்கும்போது அந்தப் பக்கத்து ஆள் விட்டுக்கொடுக்கிறார். அடுத்த நொடியில் முறை மாறுகிறது. அப்படியே ஒரு சேனல் மேலே ஏறும்போது இன்னொன்று கீழே இறங்குகிறது. நடுவில் இருக்கும் சப்புக்கு இரு மடங்கு வோல்ட் கிடைக்கிறது. வோல்ட் இரு மடங்கானால் திறன், ஏட்டுக் கணக்கில், நான்கு மடங்கு. ஆனால் மின்னோட்டமும் இரு மடங்காகிறது. மின்தடையை அளக்கும் ஓம் கணக்கில் சொன்னால், 4 ஓம் சப்பை மாட்டினாலும் ஒவ்வொரு சேனலுக்கும் அது 2 ஓமாகவே தெரிகிறது. பெரும்பாலான நான்கு சேனல் ஆம்புகளுக்கு அதுதான் எல்லை. ‘பிரிட்ஜில் குறைந்தது 4 ஓம்’ என்று ஆம்பின் மேலோ கையேட்டிலோ அச்சிட்டிருப்பார்கள். வாட்டைப் பெரிய எழுத்திலும் இதைப் பொடி எழுத்திலும் போடுவதுதான் எனக்கு வருத்தம்.

அவன் 4 ஓம் சப் இரண்டையும் ப்ளஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்திருந்தான். பேரலல் இணைப்பு. தொட்டியில் ஒரு குழாயைத் திறந்த இடத்தில் இரண்டைத் திறந்தது போல. 4 ஓமும் 4 ஓமும் பக்கம் பக்கமாக நின்றால் 2 ஓம். பிரிட்ஜ் அதைப் பாதியாக்க, சேனலுக்கு 1 ஓம். ஆம்ப் திணறியதில் வியப்பில்லை.

இந்தக் கணக்கைக் கொடுத்தவர் ஜார்ஜ் சைமன் ஓம். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது சோதனைகளைச் செய்து, 1827இல் புத்தகமாக வெளியிட்டார். உரிய மதிப்பு தாமதமாகத்தான் வந்தது. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி கோப்லி பதக்கம் கொடுத்தது.

இரண்டு சப்பையும் சீரியலாக மாற்றச் சொன்னேன். கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி, ஒன்றின் வழியாக ஓடி அடுத்ததற்குள் போக வேண்டும். 4-உம் 4-உம் 8 ஓம், சேனலுக்கு 4.

“பாதி வாட் போயிடுமே மாமா?”

போகும். 4 ஓமில் 300 வாட் தரும் ஆம்ப் 8 ஓமில் ஏறக்குறைய 150தான் தரும். ஆனால் வாட் பாதியானால் ஓசை பாதியாவதில்லை. குறைவது 3 டெசிபல். ஒலிக்குமிழைக் கொஞ்சம் திருப்பிய அளவு. காதுக்கு ஓசை இரு மடங்காகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். வாட்டைத் துரத்தி ஆம்பைக் கொளுத்துகிறவர்கள் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

300 வாட்டும் வேண்டுமென்றால் வாங்கும்போதே யோசித்திருக்க வேண்டும். கூம்பை ஆட்டும் கம்பிச்சுருள், அதாவது காயில், இரண்டு உள்ள சப்புகள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் 4 ஓம் காயில் இரண்டு இருந்தால், உள்ளுக்குள் சீரியலாக்கி 8. அப்படிப்பட்ட இரண்டைப் பேரலல் போட்டால் சரியாக 4 ஓம். ஒரே ஒரு சப்தான் என்றால் 2 ஓம் காயில் இரண்டு உள்ளதைக் கேட்டு வாங்கி, சீரியலாக்கலாம். மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 4 ஓம் காயில் மூன்றரை போலக் காட்டும். மீட்டர் அளப்பது நேர்மின் தடையை மட்டும். பழுது என்று பயப்பட வேண்டாம்.

பவர் ஒயரைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஃபியூஸே இல்லை. இன்ஜின் அறைத் தகட்டில் உரசி மேலுறை கிழிந்தால் அந்த ஒயர் நேராக பாடியைத் தொடும்; பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும்; வண்டி எரியும். ஆம்பில் இருக்கும் ஃபியூஸ் இதைத் தடுக்காது, அது மறுமுனையில் இருக்கிறது. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் கட்டாயம். ஒயரும் செம்பாக இருக்கட்டும். மலிவு கிட்களில் வருவது பெரும்பாலும் செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில் இறுக்க வேண்டும்.

எல்லாம் மாற்றி ஸ்டீரியோவைப் போட்டோம். ஆம்ப் நிற்கவில்லை, ஆனால் பாஸும் இல்லை. கூம்புகள் ஆடுகின்றன, அதிர்வு மட்டும் வரவில்லை. பெட்டியில் ஒயரைக் கழற்றிவிட்டு, டார்ச் செல் ஒன்றை ஒவ்வொரு சப்பின் ஒயர் முனையிலும் ஒரு கணம் தொட்டோம். ஒரு கூம்பு வெளியே எம்பியது, மற்றது உள்ளே ஒடுங்கியது. ஒன்றில் ப்ளஸும் மைனஸும் மாறியிருந்தன. ஒன்று தள்ளிய காற்றை மற்றது உறிஞ்சிக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு முனைகளை மாற்றி முறுக்கினான். சாவியைத் திருப்பினான். பின்கண்ணாடி மறுபடி அதிர்ந்தது. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து, ஆம்பின் மேல் இருவரும் கை வைத்துப் பார்த்தோம். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.