ஏரிக்கரையில் அகத்தியர்

லடாக்கிலுள்ள பாங்காங் ஏரியின் படத்தைக் கண்டவர்கள், அதன் கரையில் ஓர் இரவாவது தங்கி விண்மீன்களைக் காண வேண்டுமென்று விரும்புவது இயல்பே. சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறியுள்ள தமிழன்பர்களிடமும் இவ்விருப்பத்தை நாம் கேட்கிறோம். அந்த ஏரி தருவது எது, தராதது எது என்பதைச் சற்று ஆராய்வோம்.

பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடற்கரை ஊர்களில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. காற்று மெலிந்தும் ஈரமற்றும் இருப்பதால் விண்மீன் ஒளி அதிகம் சிதறாமல் கண்ணை அடைகிறது. ஆனால் அதே மெலிந்த காற்று தலைவலியையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். லே நகரில் சில நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொண்ட பின்னரே மேலே செல்ல வேண்டும். இதய நோய் உடையோர் மருத்துவரைக் கேளாமல் புறப்படலாகாது.

அங்கே நமக்குக் கிட்டாத காட்சியும் ஒன்று உண்டு. இரவு வானின் விண்மீன்களுள் ஒளியில் இரண்டாவதான அகத்திய நட்சத்திரமே அது. தென்வானத்தைச் சேர்ந்ததாகையால், நாம் வடக்கே செல்லச் செல்ல அது தாழ்ந்துகொண்டே போகும். கணக்கு எளிது: 37-இலிருந்து உங்கள் ஊரின் அட்சரேகையைக் கழித்தால், அடிவானத்துக்கு மேல் அது எத்தனை பாகை உயரும் என்பது தெரியும். திருப்பதியில் 23, மும்பையில் 18, டில்லியில் 8, பாங்காங்கில் ஏறத்தாழ 3. அந்த மூன்றையும் மலைகள் மறைத்துவிடும். விந்தியத்தைத் தாழ்த்தித் தென்னாடு வந்த முனிவருக்கு ஏற்ற விண்மீன்தான்! திருப்பதிக்கு அருகே தொண்டவாடாவில், சுவர்ணமுகிக் கரையில், அவர் பெயரால் அகத்தீசுவரர் கோயிலும் விளங்குகிறது.

ஆகவே, இமயம் செல்ல இயலாதவர்கள் வருந்த வேண்டுவதில்லை. பழைய சித்தூர் மாவட்டத்தில் மதனப்பள்ளியை அடுத்து ஹார்ஸ்லி மலை இருக்கிறது. ஏனுகு மல்லம்ம கொண்டா என்பது அதன் தெலுங்குப் பெயர். 1870-ஆம் ஆண்டளவில் கடப்பைக் கலெக்டராயிருந்த ஹார்ஸ்லி துரை அங்கே கோடை மாளிகை அமைத்தார். உயரம் சுமார் 1,260 மீட்டர். கங்கோத்திரி என்னும் சிற்றேரியும் உண்டு. பிப்ரவரி நடுவில், அமாவாசையை ஒட்டிய இரவில், ஒன்பது மணியளவில் தெற்கே நோக்குங்கள். உச்சிக்குச் சற்றுத் தெற்கே மிகப் பிரகாசமாய்த் தோன்றுவது சிரியஸ். அதற்கு வெகு கீழே, நீட்டிய கையின் முஷ்டியால் அடிவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில், அகத்தியரைக் காணலாம். கண் இருளுக்குப் பழக அரைமணி நேரமாகும். அதுவரை கைவிளக்கை ஏற்றாதீர்கள்.

வேண்டியது இருள் ஒன்றே. திருப்பதி வீதிகளில் பிறந்து வளரும் குழந்தைக்கு அதுவே அரிதாகிவிட்டது. லடாக்கின் ஹான்லே வட்டாரம் 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள மக்கள் விளக்குகளுக்கு மறைப்பிட்டு, சன்னல்களுக்குத் திரையிட்டு வானத்தைக் காக்கின்றனர். ஹார்ஸ்லி மலையிலும் விடுதி விளக்குகள் மேல்நோக்கி வீசாமல் தரைநோக்கி எரிந்தால் போதும். நாம் தங்கும் அறையின் விளக்கை அணைப்பதே அதன் தொடக்கமாகட்டும். தமிழுக்கு இலக்கணம் வகுத்தவரென்று நாம் போற்றும் முனிவரை, அயல்மாநிலத்தில் வளரும் நம் மக்கள் வானத்திலேனும் கண்டறியட்டும்.