வழுக்கும் சக்கரத்துக்குக் கடிவாளம்!

மழை விட்ட மாலையில் வேளச்சேரி - தாம்பரம் சாலையில், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். எதிரில் வரும் பஸ்ஸுக்கு வழி விடுவதற்காக ஓரம் கட்டிய கார் ஒன்றின் இடது சக்கரம் சேற்றில் இறங்கியிருக்கும். வலது சக்கரம் கெட்டியான தார் ரோட்டில்தான் நிற்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சேற்றுச் சக்கரம் விர்ரென்று சுற்றிப் பின்னால் வருபவர் வேட்டியில் கோலம் போடும். தார் ரோட்டில் நிற்கிற சக்கரமோ அசையவே அசையாது. நல்ல பிடிமானம் இருக்கிற சக்கரம் சும்மா நிற்க, பிடிமானமே இல்லாதது மட்டும் ஏன் சுற்றுகிறது?

அந்தக் கேள்விக்கான பதிலில்தான், ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் உயிரை விடுகிற எல்எஸ்டி இருக்கிறது. மகன் வந்து, ‘அப்பா, வண்டிக்கு எல்எஸ்டி போடணும்’ என்று சொன்னால் பதற வேண்டாம். போதைப்பொருள் இல்லை, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். ஆனால் எதைப் போடுவது, போடத்தான் வேண்டுமா என்பதில் கொஞ்சம் பதறலாம். பணமும் உயிரும் சம்பந்தப்பட்ட விஷயம்.

மாட்டு வண்டிக்கு இந்தப் பிரச்னை இல்லை. அதன் இரண்டு சக்கரங்களும் அச்சில் தனித்தனியாகச் சுற்றும். திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிகத் தூரம் ஓட, உள் சக்கரம் குறைவாக ஓடும். இழுப்பது மாடுகள்தான், சக்கரம் இல்லை. காரில் சக்கரத்தையே இன்ஜின் சுற்றுகிறது. இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் பூட்டினால் திருப்பத்தில் ஒன்று தேய்ந்து இழுபட வேண்டியதுதான். ஒரு கணக்குப் பாருங்கள். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் அகலம் என்றால், 90 டிகிரி திரும்பும்போது வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிடச் சுமார் 2.36 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். சின்னத் தெருமுனையானாலும் பெரிய வளைவானாலும் இந்த வித்தியாசம் மாறாது. யு-டர்ன் அடித்தால் 4.7 மீட்டர்.

இந்த வித்தியாசத்தை அனுமதிப்பதற்காகத்தான் டிஃபரன்ஷியல் என்கிற பல்சக்கரப் பெட்டி. பிரான்ஸின் பெக்கர் 1820-களிலேயே, நீராவி வண்டிக்காக இதை யோசித்துவிட்டார். அருமையான கருவி. ஆனால் அதற்கு ஒரு குணம்: இரண்டு பக்கமும் சம அளவு விசைதான் கொடுக்கும். சேற்றில் இருக்கும் சக்கரம் 200 நியூட்டன் மீட்டர் மட்டுமே தாங்கும் என்றால், தார் ரோட்டுச் சக்கரத்துக்கும் அதே 200-தான். இன்ஜினில் எவ்வளவு சக்தி இருந்தும் பிரயோஜனமில்லை.

நம் விவசாயிகளுக்கு இது பழைய பாடம். டிராக்டரில் வலது குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பெடல் இருக்கும், டிஃபரன்ஷியல் லாக். சேற்று வயலில் ஒரு சக்கரம் சுற்றினால் அதை மிதிப்பார்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு வண்டி வெளியே வந்துவிடும். வரப்பில் திரும்பும் முன்னால் காலை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி திரும்பாமல் நேராகவே இழுக்கும். ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போனால் செங்கல்பட்டுக்கு முன்னால் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. அங்குள்ள ஆராய்ச்சி மையத்தில் உருவான தார் ஜீப்பின் சில மாடல்களில், பின் அச்சில் தானாகவே பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் லாக் உண்டு. மெதுவாகப் போகும்போது ஒரு சக்கரம் வெறுமனே சுழன்றால், நீங்கள் எதையும் அழுத்தாமலே வேலை செய்யும்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த முரட்டுப் பூட்டு ஆகாது. வளைவில் வேகமாகப் போகும்போது எடையெல்லாம் வெளிச் சக்கரத்துக்குப் போய்விடும். உள் சக்கரம் லேசாகி வழுக்கும். அங்கே தேவை முழுப் பூட்டு அல்ல, பாதிப் பூட்டு. 1930-களில் ஆட்டோ யூனியன் பந்தயக் காரை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷேவுக்கு இதே தலைவலி. பின் சக்கரத்தில் ஒன்று அதிவேகத்திலும் வெறுமனே சுழன்றது. இசட்எஃப் நிறுவனத்திடம் சொல்லித் தீர்வு வாங்கினார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததே, அந்த போர்ஷே 911 கப் காரின் பின் அச்சிலும் இந்த வம்சத்து எல்எஸ்டிதான்.

சரி, நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று இந்தப் பக்கமெல்லாம் இப்போது 150 குதிரைத் திறன் டர்போ செடான்கள் சாதாரணம். வார நாளில் ஓஎம்ஆர் ஆபீஸ். எப்போதாவது ஒரு ஞாயிறு இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம். சோழவரம் விமான ஓடுபாதையில் கார்கள் பறந்ததைப் பார்த்த தாத்தாக்களின் பேரன்கள் இவர்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் இந்த 3.7 கிலோமீட்டர் தடம் 1990-ல் திறக்கப்பட்டது. அங்கே வளைவிலிருந்து வெளியேறும்போது முன் உள் சக்கரம் கீச்சென்று சுழல்வதைக் கேட்டுவிட்டுத்தான், பையன் வீட்டுக்கு வந்து எல்எஸ்டி பேச்சை எடுப்பான்.

கடையில் முதலில் காட்டுவது பிளேட் டைப். உள்ளே கிளட்ச் தட்டுகள் அடுக்கியிருக்கும். விசை கூடக் கூட அவை இறுகும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் இறுகினால் ஒன் வே. காலை எடுக்கும்போதும் அதே அளவு இறுகினால் டூ வே. எடுக்கும்போது கொஞ்சமாக இறுகுவது ஒன்றரை வே. பந்தயத்துக்கு இதுதான் ராஜா. ஆனால் தட்டுகள் தேயும், பார்க்கிங்கில் திரும்பும்போது கடகடவென்று சத்தம் போடும். முன் சக்கர இழுவை காரில் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். அம்மாவும் ஓட்டுகிற வண்டி என்றால் அடுத்த நாளே சண்டை.

இன்னொன்று ஹெலிக்கல் வகை, டார்சென் என்ற பெயரில் பிரபலம். தட்டுகளே கிடையாது, சாய்வுப் பற்கள் ஒன்றோடொன்று உரசியே விசையைப் பகிரும். வழுக்கும் சக்கரம் தாங்குவதைப் போல் மூன்று மடங்கை மறு பக்கத்துக்குக் கொடுக்கிற ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பு சொன்ன 200-க்கு மறு பக்கம் 600 கிடைக்கும். ஆக மொத்தம் 400-க்குப் பதில் 800. ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிவிட்டால்? பூஜ்யத்தின் மூன்று மடங்கு பூஜ்யம்தான். கெர்ப் கல்லில் ஏறிச் சக்கரம் தூக்கும் தடங்களில் இது கைவிடும். மற்றபடி சத்தமில்லை, தேய்மானம் மிகக் குறைவு, ஸ்டீயரிங்கும் சமத்தாக இருக்கும்.

விஸ்கஸ் வகை என்று, சிலிக்கான் திரவத்தை நம்பி வேலை செய்வதும் உண்டு. பழைய இறக்குமதிப் பெட்டியில் அந்தத் திரவம் எந்த நிலையில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தவிர்த்துவிடலாம்.

விர்ட்டஸ், ஸ்லாவியா போன்ற கார்களின் விவரப் பட்டியலில் ‘எலக்ட்ரானிக் டிஃபரன்ஷியல் லாக்’ என்று பார்த்திருப்பீர்கள். அது எல்எஸ்டி இல்லை. சுழல்கிற சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தி, விசையை மறு பக்கம் அனுப்பும் தந்திரம். தினசரி ஓட்டத்துக்கு, மழைக்கு இது தாராளமாகப் போதும். தடத்தில் தொடர்ந்து சுற்றினால் மட்டும் பிரேக் சூடாகி பேட் கரையும். கோல்ஃப் ஜிடிஐ போன்றவற்றில் வருவது வேறு. அங்கே கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் நிஜமான கிளட்ச் தட்டுகள் இருக்கின்றன.

செலவைக் குறைக்க டிஃபரன்ஷியல் பற்களையே வெல்டிங் வைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், வண்டிச் சாவியை வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். டயர் தேய்வதும் ஆக்ஸில் உடைவதும் இருக்கட்டும். ஐப்பசி மழையில் பின் சக்கர இழுவை கார் ஒன்று அப்படி ஓடினால், வளைவில் இரண்டு பின் டயரும் ஒரே நேரத்தில் பிடி விடும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வெறுமனே சுழன்றாலும் மற்றது காரின் பின்பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பிடியும் போனால் வண்டி பம்பரம். நல்ல எல்எஸ்டி-யிலும், ஈர ரோட்டில் அழுத்தி மிதித்தால் இதே ஆபத்து சிறிய அளவில் உண்டு. எல்எஸ்டி போட்டால் மழையில் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது வேகமாக வெளியேற உதவும்; வழுக்காமல் காப்பாற்றுவது டயரின் வேலை.

அதனால்தான், வருடத்துக்கு நாலு முறை தடத்துக்குப் போகிறவருக்கு என் கருத்து: முதலில் நல்ல டயர், நல்ல பிரேக் பேட், வீல் அலைன்மென்ட். அதற்குப் பிறகும் உள் சக்கரம் சுழல்கிறதென்றால் ஹெலிக்கல். தடத்துக்கென்றே தனி வண்டி வைத்திருந்தால் பிளேட் டைப். ஆபீஸுக்கு மட்டும் என்றால் எதுவுமே வேண்டாம்.

முன் சக்கர இழுவை காரில் டிஃபரன்ஷியல், கியர் பாக்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்து, பேரிங் இடைவெளியை அளந்து ஷிம் வைத்துப் பூட்ட வேண்டும். தெரு முனை மெக்கானிக் வேலை அல்ல. வாரன்டி போக வாய்ப்பு அதிகம். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுவது நல்லது. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: சாதாரண கார் பாலிசி, பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் நடக்கும் விபத்துக்குப் பொருந்தாது. எல்எஸ்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடத்தில் இடித்தால் செலவு உங்களுடையதே.

செகண்ட் ஹேண்ட் காரை ‘எல்எஸ்டி இருக்கு சார்’ என்று விற்க வந்தால் சோதிக்க வழி உண்டு. இழுவைச் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறு பக்கம் அதே திசையில் சுற்றினால் பிளேட் டைப் இருக்கிறது. எதிர்த் திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல், அல்லது தட்டுகள் முழுக்கத் தேய்ந்தது. சில ஹெலிக்கல் வகைகளும் எதிர்த் திசையில் சுற்றும் என்பதால், அதற்குப் பில்லைக் கேட்பதுதான் வழி.

புதிதாக பிளேட் டைப் போட்டவர்கள், காலி மைதானத்தில் மெதுவாக எட்டு எட்டாகச் சுற்றித் தட்டுகளைப் பழக்க வேண்டும். லைசென்ஸுக்கு பைக்கில் எட்டு போட்டோமே, அதேதான். பிறகு அந்த ஆயிலை வடித்துவிட்டு, எல்எஸ்டி-க்கென்று எழுதியிருக்கும் புது ஆயில் ஊற்றுங்கள். முன் சக்கர இழுவை காரில் கியர் பாக்ஸுக்கும் அதே ஆயில்தான். தட்டுத் தூள் கியர்களுக்கும் போகும் என்பதால் கம்பெனி சொல்லும் கெடுவுக்குக் காத்திருக்காமல், ஒவ்வொரு சில தட நாட்களுக்கும் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.