பசியாற்றும் பாத்திகள்

கோலாலம்பூரின் பங்சார் பகுதியில் சரிவான நிலம் ஒன்று உள்ளது. அதன் மேலே உயர் மின்னழுத்தக் கம்பிகள் செல்கின்றன. இத்தகைய நிலத்தில் வீடு கட்ட இயலாது. உயரமான மரங்களை வளர்க்கவும் இயலாது. ஆனால், கீரையும் வெண்டையும் அங்கே நன்கு வளரும். 2017ஆம் ஆண்டில், நிலத்தோற்ற வடிவமைப்பாளர் இங் செக் சானும் அவருடன் இணைந்தோரும் அந்நிலத்தைச் சமூகத் தோட்டமாக மாற்றத் தொடங்கினர். அதுவே ‘கெபுன்-கெபுன் பங்சார்’. மலாய்மொழியில் ‘கெபுன்’ என்றால் தோட்டம் என்று பொருள். அங்கே தன்னார்வலர்கள் பாடுபட்டு விளைவிக்கும் காய்கறிகள், வசதி குறைந்தோருக்கு உணவளிக்கும் அமைப்புகளுக்கும் வழங்கப்படுகின்றன.

வசதி குறைந்தோருக்கு உதவ விரும்புவோர் பெரும்பாலும் அரிசி, மீ, டின்னில் அடைத்த மீன், சமையல் எண்ணெய் போன்றவற்றைக் கொடுப்பர். அவை நெடுநாள் கெடாமல் இருக்கும். எடுத்துச் செல்வதும் எளிது. பச்சைக் காய்கறிகளோ ஓரிரு நாளில் வாடிவிடும். எனவே, உணவுப் பைகளில் அவை இடம்பெறுவது அரிது. வயிறு நிறைந்தாலும், உடலுக்குத் தேவையான வைட்டமின்களும் நார்ச்சத்தும் போதிய அளவு கிடைப்பதில்லை. நகருக்குள்ளேயே அமைந்த தோட்டம் இக்குறையைப் போக்க உதவுகிறது. காலையில் பறித்த கீரை மதியமே சமையலுக்குச் சென்றுவிடும்.

தோட்டவேலை மண்ணிலிருந்து தொடங்குகிறது. தன்னார்வலர்கள் உலர்ந்த இலைகளையும் காய்கறித் தோல்களையும் அடுக்கடுக்காகக் குவித்து மட்கச் செய்கின்றனர். ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு உலர்ந்த இலை தேவை. குவியலை அவ்வப்போது கிளறிவிட்டால் காற்று உட்புகும். நுண்ணுயிரிகள் விரைவாகச் செயல்படும். துர்நாற்றம் வீசினால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். அப்போது மேலும் உலர்ந்த இலைகளைச் சேர்க்க வேண்டும். எலிகள் வரும் என்பதால் இறைச்சியையும் மீனையும் இதில் போடுவதில்லை.

அடுத்து, விதைப்பதிலும் ஒரு திட்டம் வேண்டும். கங்கோங் கீரை ஏறத்தாழ நான்கு வாரங்களில் அறுவடைக்கு வரும். எல்லாப் பாத்திகளிலும் ஒரே நாளில் விதைத்தால், ஒரு வாரம் கீரை குவியும். அடுத்த மூன்று வாரங்களுக்கு ஒன்றுமே இராது. ஆனால், பசி மாதத்திற்கு ஒருமுறை மட்டும் வருவதன்று. ஆகவே, நான்கு பாத்திகள் இருந்தால் வாரத்திற்கு ஒரு பாத்தி வீதம் விதைக்க வேண்டும். அப்போதுதான் வாரந்தோறும் அறுவடை கிடைக்கும்.

தன்னார்வலரின் பொறுப்பு இங்கேதான் புலப்படுகிறது. இந்த வாரம் விதைக்க யாரும் வராவிட்டால் தோட்டத்தில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. மற்ற பாத்திகள் பசுமையாகவே இருக்கும். ஆனால், நான்கு வாரங்கள் கழித்து ஒரு குடும்பத்தின் தட்டில் கீரை இராது. ஒருநாள் கூட்டமாக வந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவோரைவிட, வாரம் ஒரு மணிநேரம் தவறாமல் வரும் ஒருவரே தோட்டத்திற்கு அதிகம் பயன்படுகிறார்.

அறுவடையிலும் ஒரு பண்பு உண்டு. வெயில் ஏறுமுன் பறித்த கீரையில் நீர்ச்சத்து குறையாது. பூச்சி அரித்த இலைகளை நீக்கி, மண்போகக் கழுவி, கட்டுக்கட்டாகக் கட்டவேண்டும். ‘இலவசம்தானே’ என்று வாடியதைக் கொடுப்பது உதவியாகாது. நம் வீட்டுச் சமையலுக்கு எதைத் தேர்ந்தெடுப்போமோ அதையே பிறருக்கும் கொடுப்பதுதான், பெறுபவரை மதிக்கும் முறை.

இவ்வேலைக்கு முன் அனுபவம் தேவையில்லை. களை பறிக்கவும் நீர் ஊற்றவும் ஓரிரு நாளில் கற்றுக்கொள்ளலாம். தோட்டம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இன்று வந்தவர் அடுத்த வாரமும் வரவேண்டும்.