வீடு பிடித்துவிட்டது, உறுதி எங்கே?

சென்ற மாரிக்கு முன் ஒரு தம்பதியர் எம்மைத் தேடி வந்தனர். வன்னிக் குடியேற்றத் திட்டமொன்றில் விலைக்கு வந்த கல்வீடு அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. நல்ல கிணறு, காய்க்கும் தென்னைகள், தெருவோடு காணி. அரச வங்கியில் வீட்டுக்கடன் எடுக்கலாம் என்ற நம்பிக்கையில் தாலிக்கொடியை அடைவு வைத்து முற்பணமும் கொடுத்துவிட்டார்கள். வங்கியோ பத்திரத்தைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டது.

"வீடு அவையின்ரதான் ஐயா, ஊருக்கே தெரியும்" என்றார் மனைவி. ஊருக்குத் தெரிந்தது மெய்தான். ஆனால் விற்பவர் கையில் இருந்தது உறுதியன்று, காணி அனுமதிப்பத்திரம்.

1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம், அரச காணியில் குடியிருந்து பயிர்செய்யும் உரிமையைத் தருகிறது. காணியின் சொந்தக்காரர் தொடர்ந்தும் அரசுதான். பின்னர் கிடைக்கும் அளிப்புப் பத்திரம் இதைவிட வலுவானது. எனினும் அதற்கும் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் முன்கூட்டியே வேண்டும். சம்மதமின்றி எழுதப்படும் கைமாற்றம் செல்லாது. அப்படியொன்றை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தவும் கூடாது. முத்திரை ஒட்டிச் சமாதான நீதவான் முன் எழுதிய "விற்பனைக் கடதாசி" பல வீடுகளில் பத்திரமாக இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன் இரு சாட்சிகளுடன் எழுதாத காணி விற்பனைக்கு வலு இல்லை. அந்தக் கடதாசியை நம்பி எந்த வங்கியும் ஈடு எடுக்காது.

தனியார் உறுதிக் காணியென்றால் சிக்கல் தீர்ந்தது என்றும் எண்ணிவிட வேண்டாம். வடபகுதியில் தேசவழமை குறுக்கே நிற்கும். பிரிபடாத பங்கை விற்கும்போது பங்காளருக்கும் உரித்தாளருக்கும் வாங்கும் முதலுரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதை ஒழுங்குபடுத்துகிறது. மணமான பெண் தன் சீதனக் காணியை விற்பதானாலும் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் கேட்கப்படும். (இது நியாயமா என்பது வேறு கதை. எமக்கு நியாயமாகத் தோன்றவில்லை.) சொந்தக்காரர் கனடாவில், விற்பவர் அற்றோணித் தத்துவத்துடன் இங்கே என்றால், தத்துவம் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். அவர் இறந்த அன்றே அந்தத் தத்துவமும் முடிந்துவிடும்.

இடப்பெயர்வில் உறுதி தொலைந்துவிட்டது என்பவர்கள் பலர். அதற்காக நல்ல வீட்டைக் கைவிட வேண்டியதில்லை. நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. அங்கிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்க முடியும்.

ஆகவே முற்பணத்துக்கு முன் உறுதியின் பிரதியைக் கேளுங்கள். தர மறுத்தால் அந்தப் படலையை விட்டு வெளியே வாருங்கள். கிடைத்தால், பதிவகத்தில் முப்பது ஆண்டுக்காலப் பதிவுகளைப் பார்ப்பியுங்கள். ஏற்கெனவே ஈடு இருந்தால் அங்கே தெரியும். அரச ஈட்டு முதலீட்டு வங்கியோ வேறு அரச வங்கியோ, பெரும்பாலும் இதே வரலாற்றைத்தான் கேட்கும். அதோடு உரிமம் பெற்ற நில அளவையாளரின் வரைபடம், பிரதேச சபை அனுமதித்த கட்டட வரைபடம், வீதிக்கோட்டுச் சான்றிதழ், மதிப்பீட்டாளர் அறிக்கை என்பனவும் வேண்டும். வங்கி கடன் தருவது அந்த மதிப்பீட்டை வைத்தே. பேசிய விலையை வைத்தல்ல. மிச்சத்துக்கு வழி உண்டா என்று அப்போதே கணக்குப் பாருங்கள்.

எம்மிடம் வந்த தம்பதியருக்கு முற்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. மீதிக்கு விற்பவர் தவணை சொல்கிறார். தாலிக்கொடி இன்னும் அடைவில் இருக்கிறது. போன மாதம் வேறொரு வீடு பார்த்திருப்பதாக மறுபடி வந்தார்கள். இம்முறை உறுதியின் பிரதியைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.